கீழ்வீதித் தண்ணீர் என்று நான் எழுதிய சீட்டு

ஆமாம் அக்கா, அந்தச் சீட்டைத் தெரிந்துதான் ஒட்டினேன்.

இன்று காலை, சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வாடகை வீட்டுக் குழாயைத் திறந்ததும் குளோரின் வாசனை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அன்று நீங்கள் நிரப்பித் தந்த பாட்டிலிலும் இதே வாசனை.

இளம்பிள்ளைப் பக்கம் உங்கள் ஊர். சாயப்பட்டறைக் கழிவு கீழ்வீதி ஆழ்குழாய்க் கிணற்றில் இறங்குகிறது என்று மனு கொடுத்திருந்தீர்கள். சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வந்த ஒப்பந்தப் பணியாளர் நான். மழை விட்டிருந்தது. கீழ்வீதிக்குப் போக ஓடைச் சேற்றைத் தாண்ட வேண்டும். என் செருப்பு புதிது. மேல்வீதிப் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டு, தண்ணீர் பிடித்து வரச் சொல்லி உங்களிடம் பாட்டிலைக் கொடுத்தேன். சோதனைக்கு என்று சொல்லவில்லை.

நீங்கள் திரும்பி வந்தபோது நான் சோதனைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பதறிவிட்டீர்கள்.

"குடிக்கறதுக்குன்னு நெனச்சுட்டனுங்க சாமி. ஊரு தேடி வந்த புள்ளைக்கு அந்தச் சாயத்தண்ணியயா குடுக்கறது? மேவீதிக் காவேரிக் குழாயில புடிச்சனுங்க. செத்த இருங்க, அதயும் புடிச்சுட்டு வாரேன்."

பேருந்து வந்துகொண்டிருந்தது.

"பரவால்லைங்க, இதுவே போதும்" என்றேன்.

சுற்றுச்சூழல் நீதி பற்றி ஆய்வேடு எழுதியவள் நான்.

குடிக்க உகந்தது என்று அறிக்கை வந்தது. பட்டறைமீது நடவடிக்கை தேவையில்லை. கீழ்வீதிக்குக் காவிரிக் குழாயும் தேவையில்லை. அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு சேலத்தில் என்னைப் பார்க்க வந்தீர்கள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "தண்ணி நல்லாருக்குதாமா. அப்ப எங்க கண்ணுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னிடமே இருக்கிறது.

உங்கள் சிறுநீரகம் கெட்டு நீங்கள் இறந்ததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாமல் செய்தவளே நான்.

இன்று திங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனுநாள். கீழ்வீதி மாதிரி என்று நான் கொடுத்தது பொய் என்று என் பெயரோடு எழுதினேன். கிணற்றை மறுபடி சோதிக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது அந்தத் தெருக்காரர் ஒருவர் உடன் நின்று சீட்டில் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்தில்லாத மாதிரியின் அறிக்கை செல்லுபடியாகக்கூடாது என்றும் எழுதினேன். வேலை போகும். போகட்டும்.

வரிசையில் நின்று கொடுத்தேன். பிறகு உங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்.