விருதுத் தாளில் ஒரு வரி

கொடைக்கானல்
12.6.2025

அன்பு மகள் மஹீராவுக்கு,

உன் அத்தா சுல்தான் எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் இருக்கட்டும்.

அம்மாவும் அண்ணன் ஹபீபும் உன் பட்டமளிப்பு விழாவுக்கு நாளை பஸ் ஏறுகிறார்கள். அம்மா உனக்குப் பச்சைக் கரை போட்ட சேலை எடுத்திருக்கிறாள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நான் வரவில்லை. கால் வலி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். காலுக்கு ஒன்றும் இல்லை. போனில் சொல்ல வாய் வராததால் இதை எழுதி ஹபீப் கையில் கொடுக்கிறேன். மேடை ஏறுவதற்கு முன் படித்துவிடு.

நர்சிங்கில் டாக்டர் பட்டம் வாங்குகிறவர்களில் சேவைக்கும் தலைமைக்கும் உனக்குத்தான் விருது என்ற தாளை ஹபீப் போனில் காட்டினான். 'இவரது முயற்சியால் கூக்கால் பகுதி மலைக்குடியிருப்புகளில் மூன்று ஆண்டுகளாகப் பிரசவத்தில் ஒரு தாயும் இறக்கவில்லை' என்று அதில் ஒரு வரி இருக்கிறது.

அந்த வரி உண்மை இல்லை, மகளே. கூக்கால் மலையில் நீ பழக்கிவிட்ட ஒய்யம்மாளின் மகள் துர்கா இறந்துவிட்டாள். மே பத்தொன்பது, பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு, உன் வைவா நடந்த அன்று. வயிற்றில் இருந்த எட்டு மாதப் பிள்ளையும் போய்விட்டது.

அன்று காலை பத்தரைக்கு ஒய்யம்மாள் நம் கடைக்குப் போன் செய்தாள். உன் போன் அணைந்திருந்தது. நீ கற்றுக்கொடுத்தபடி பிரஷர் பார்த்திருக்கிறாள். "நூத்தி எழுவது காட்டுது பாய், புள்ளைக்குத் தல வலிக்குதுங்குறா, கண்ணு மங்குதுங்குறா, வெரசா நர்சம்மாட்ட சொல்லுங்க" என்றாள். உன்னிடம் சொல்கிறேன் என்று வைத்தேன்.

நீ போனை அணைக்கும் நாட்களில் இப்படி அழைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லி வைத்திருந்தாய். சுகாதார நிலையத்து நர்சுக்கு ஒரு போன். ஹபீபின் ஜீப்புக்கு ஒரு போன். இரண்டே போன். உன் வைவாவைக் கெடுக்கக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அந்த நேரம் கடை வாசலில் இரண்டு டூரிஸ்ட் பஸ் நின்றது. தைலமும் சாக்லேட்டும் கேட்டுக் கூட்டம் நெருக்கியது. கொஞ்சம் குறையட்டும் என்று நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

கடைசியில் அவர்களே கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. ஆனால் வழியில் மரம் விழுந்து கிடந்ததால் குடியிருப்புக்கு வர முடியவில்லை. போர்வையில் தூளி கட்டி அவள் புருஷனும் மற்றவர்களும் தூக்கி நடந்திருக்கிறார்கள். பாதி வழியில் வலிப்பு வந்தது. ஆம்புலன்சை எட்டும் முன் உயிர் அடங்கிவிட்டது. "ஒரு போன் வந்திருந்தா நானே ஊசிய எடுத்துக்கிட்டு எதுக்க நடந்திருப்பேனே" என்று அந்த நர்ஸ் அழுதாள். உன்னிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று அவள் வாயையும் அடைத்தேன்.

துக்கத்துக்குப் போனேன். "நர்சம்மாட்ட சொன்னீங்களா பாய்?" என்று ஒய்யம்மாள் கேட்டாள். சொன்னேன் என்றேன். "நர்சம்மாவுக்கு என்ன சோலியோ" என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகுதான் அவள் உன் போனை எடுப்பதில்லை. நீ இரண்டு முறை கேட்டாய். டவர் இல்லை என்றேன்.

விருதுத் தாளைப் பார்த்த பிறகு, நேற்று வெள்ளனே கூக்கால் பஸ் ஏறி, இறங்கி நடந்துபோய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். கையில் இருந்த களையைக் கீழே போட்டாள். பிறகு, "நர்சம்மாவ இத்தன நாளும் வஞ்சுக்கிட்டு கெடந்தேனே" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போங்க பாய்" என்றாள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எதுவும் தெரியாது. நீ திரும்பி வருவதற்குள் நானே சொல்லிவிடுவேன்.

நீ கற்றுக்கொடுத்ததில் குறை இல்லை. ஒய்யம்மாள் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தாள். தவறியது நான் மட்டும். விருதை வாங்குவதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். அந்த வரியை மட்டும் வாசிக்க விடாதே. ஊருக்கு வந்ததும் முதலில் ஒய்யம்மாளிடம் போ. நம் வீட்டுக்குப் பிறகு வரலாம். வராவிட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

நீ தொட்ட உயிரெல்லாம் பிழைக்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். மேடையில் பேசச் சொன்னால், எல்லாப் பிள்ளைகளையும் போல அத்தாவுக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிடாதே, மகளே.

இப்படிக்கு,
சுல்தான்