வலது கைக்கு ஒரு ஆள்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் அத்தையும் நலமாக இருக்கிறோம், மூன்று பேரையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியிருக்கிறேன், கவனித்தாயா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று தலையாட்டுகிறாய், முக்கியமான இடம் வரும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதமென்றால் நடுவில் வெட்ட முடியாது, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

ஒவ்வொரு முறையும் பேச்சை முடிக்கும்போது அத்தையோடு பேசினாயாம்மா என்று கேட்பாய், நான் உடனே அங்கே மழை உண்டா என்று கேட்பேன். ஏன் பேசவில்லை என்று உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை, உன்னைப் பற்றியது என்பதால் சொல்லவில்லை. நீ கிளம்பிப் போன அடுத்த வாரமே உன் அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்து, அண்ணி, அவ ரூம் சும்மாதானே கிடக்கு, ஜன்னலோரமா என் தையல் மெஷினைப் போட்டுக்கட்டுமா, அவ என்ன இப்போதைக்கா வரப்போறா என்று கேட்டாள். அவள் மாடி அறையில் பட்டப்பகலில்கூட விளக்கைப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும், அது எனக்குத் தெரியாதா. ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை இருக்கிறதே, அது என் நெஞ்சில் தைத்துவிட்டது. என் பெண் வரமாட்டாள் என்று சொல்ல இவள் யார் என்று பற்றிக்கொண்டு வந்தது. பதிலே சொல்லாமல் உன் அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவளுக்கும் ரோஷம் மூக்குக்கு மேல் வரும் இல்லையா, மாடியிலேயே தனியாகச் சமைக்க ஆரம்பித்துவிட்டாள். நடுவில் மாட்டிக்கொண்டவர் உன் அப்பா. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லுங்க, கொடியில் துணி காய்ஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க என்று எல்லாமே அவர் வழியாகத்தான். நாள் முழுக்க ஊரார் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் அவரே லிஃப்டாகி மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பாவம், ரெண்டு பேரும் பட்டனை அழுத்திக்கிட்டே இருக்கீங்க, ஒருநாள் நான் நடுவுல நின்னுடப் போறேன் என்றார்.

சரி, கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உன் அறையைத் திறந்து தூசி தட்டுவேன். அப்படி ஒருநாள் உன் மேஜை இழுப்பறையில் நீ விட்டுப்போன நெயில் பாலிஷ் பாட்டில்கள் அகப்பட்டன, பாதி காய்ந்தது, பாதி கெட்டியானது, தூக்கிப் போட்டுடும்மா என்று நீ சொன்னதுதான், எனக்குத்தான் மனசு வரவில்லை. அதே வாரம் படகுத்துறையில் என் டிக்கெட் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். உனக்குத் தெரியுமே, அந்தக் கண்ணாடியில் ஜனங்கள் ஒட்டிய நோட்டீஸெல்லாம் போக மிச்சம் இருப்பது கை நுழையும் ஓட்டை ஒன்றுதான், இத்தனை வருஷமாகப் பயணிகளுக்கு என் கையைத்தான் தெரியும், முகம் தெரியாது. எனக்கும் அப்படித்தான். அந்தப் பெண் காசு நீட்டிய கையில் ஒவ்வொரு நகத்திலும் குட்டிக் குட்டிப் பூ. இதை எங்கேம்மா போட்டே என்று கேட்டேன். வீட்டுலதான் ஆன்ட்டி, பல் குத்துற குச்சியால அஞ்சு புள்ளி வெச்சு நடுவுல ஒண்ணு வெச்சா பூ, அவ்வளவுதான் என்றாள். பின்னால் வரிசை கத்துகிறது, நான் இலை எப்படிப் போட்டாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். படகு போயிடும்மா என்று எவனோ குரல் கொடுத்த பிறகுதான் டிக்கெட்டைக் கிழித்தேன்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் வைத்த பூ பூவாகவே இல்லை, நசுங்கின தக்காளி. அடியில் பூசிய கலர் காயாமல் மேலே புள்ளி வைத்தால் இரண்டும் கலந்துவிடும் என்று யார் எனக்குச் சொன்னார்கள். கோடு நேராக வரட்டும் என்று செலோ டேப்பை ஒட்டி எடுத்தேன், வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி மொத்தக் கலரும் டேப்போடு உரிந்து வந்தது. நன்றாக வந்த டிசைன் கலையாமல் இருக்கட்டும் என்று மேலே கலரில்லாத பாலிஷை அவசரப்பட்டுத் தடவினேன், எல்லாப் புள்ளியும் வால் முளைத்து ஓடியது. கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு மூன்று கலரைச் சொட்டி விரலை முக்கினால் பளிங்குக்கல் மாதிரி வரும் என்று கேள்விப்பட்டு அதையும் செய்து பார்த்தேன், நகத்தைத் தவிர விரல் பூராவும் பளிங்கு. உன் அப்பா அந்தக் கிண்ணத்தைப் பார்த்து, இன்னைக்கு என்ன புது சூப்பா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, பாலிஷை அழிக்கிற ரிமூவர் கவிழ்ந்து சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டளவு வார்னிஷ் போய்விட்டது. அந்த இடத்தில் எப்போதும் ஒரு தட்டை வைத்துவிடுகிறேன், நீயும் காட்டிக்கொடுக்காதே. ஆனால் சுண்டு, விடாமல் செய்ததில் கை படிந்துவிட்டது. கொண்டை ஊசியின் முனை பெரிய புள்ளிக்கு, குச்சி சின்னப் புள்ளிக்கு, இரண்டு புள்ளியைப் பக்கத்தில் வைத்துக் கீழே இழுத்தால் இதயம், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் இரண்டு கலரைத் தடவி ஒற்றினால் சாயங்கால வானம். என் இடது கையை நானே தூக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இந்த வயசில் இது என்ன என்று ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் தாங்க முடியாத சந்தோஷம்.

இடது கை என்றேனே, அங்கேதான் வந்தது வில்லங்கம். இடது கைக்கு வலது கை போட்டுவிடும், வலது கைக்கு யார் போடுவது. இடது கையில் பிரஷ்ஷைப் பிடித்தால் அது எங்கள் படகுத்துறை மிதவை மாதிரி ஆடுகிறது. தன் கையே தனக்குதவி என்று சொல்லி வைத்தவர் தன் வலது கைக்கு ஒருநாளும் நெயில் பாலிஷ் போட்டிருக்க மாட்டார். உன் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் லிஃப்ட் சங்கிலிக்கு கிரீஸ் தடவுகிற மாதிரி நகம், தோல், முட்டிவரை தடவிவிட்டு, கம்மியா வெச்சா தேய்ஞ்சிடும் என்று காரணமும் சொன்னார். அதனால் கவுண்டரில் வலது கையை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு எல்லாம் இடது கையாலேயே கொடுத்தேன். தினமும் காலைப் படகில் போகிற ஒரு பெரியவர் ரொம்ப நாள் பார்த்துவிட்டு, வலது கைக்கு என்னம்மா ஆச்சு, விழுந்துட்டியா என்று கேட்டு, மறுநாள் வலிக்குத் தேய்க்கிற தைலம் ஒரு பாட்டில் வாங்கிவந்து ஓட்டை வழியாக நீட்டினார். என்ன சொல்வது, நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது கேள். போன வாரம் திடீரென்று மழை. மொட்டைமாடியில் துணி. நான் இந்தப் பக்கம் படியேறி ஓடுகிறேன், உன் அத்தை தன் அறையிலிருந்து ஓடி வருகிறாள். அவரவர் துணியை அவரவர் எடுத்தாயிற்று, அந்தப் பெரிய படுக்கை விரிப்பு மட்டும் மிச்சம், அதை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. அவள் இரண்டு முனையைப் பிடித்தாள், நான் இரண்டு முனையைப் பிடித்தேன். உதறினோம், மடித்தோம், கிட்டே வந்தோம். முனையோடு முனை சேர்க்கும்போது பார்க்கிறேன், அவள் வலது கை நகமெல்லாம் நீலம், அதன்மேல் வெள்ளையில் மணி மணியாகத் தையல் போட்ட மாதிரி கோடு, அவ்வளவு நேர்த்தி. இடது கையில் பார்த்தால் ஒரே அலங்கோலம். உன் அத்தை இடது கைக்காரி, கத்தரிக்கோலே தனியாகத் தேடி வாங்குகிறவள், அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாடிப்படியிலிருந்து என் கையைப் பார்த்துவிட்டு, அண்ணி செஞ்சா நான் செய்ய மாட்டேனா என்று அவளும் ரகசியமாக ஆரம்பித்திருக்கிறாள். அவளும் என் கைகளைப் பார்த்தாள். அண்ணி, பூவெல்லாம் நல்லாதான் இருக்கு, வலது கையில என்ன, பூச்சி கடிச்சிடுச்சா என்றாள். உனக்கு இடது கையில கடிச்ச அதே பூச்சிதான் என்றேன். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, விரிப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று சிரித்ததில் அது மறுபடியும் தொப்பலாக நனைந்துவிட்டது.

கீழே வந்ததும் எனக்குப் போட்டுவிடு என்று வலது கையை நீட்டினேன். எங்கே உட்காருவது, அவள் அறை இருட்டு, சாப்பாட்டு மேஜையில் இனிமேல் போட எனக்கே பயம். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து உன் அறையைத் திறந்தேன். அவள் வாசலிலேயே நின்றாள். வா, வெளிச்சம் இங்கேதானே இருக்கு என்றேன், வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கார்க்கில் ஒரு ஊசியைத் தலைகீழாகக் குத்தி வைத்திருக்கிறாள், காதுப் பக்கத்தைப் பாலிஷில் தொட்டு இழுத்தால் மயிரிழை மாதிரி கோடு வருகிறது. என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டுவிட்டாள். ஊசி குத்திக் காய்த்துப்போன விரல், ஆனால் பிடி எவ்வளவு மெத்தென்று இருந்தது தெரியுமா. ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவள்மேல் எப்படிக் கோபமாக இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் வலது கை காய்ந்தால்தான் நான் அவளுக்குப் போட முடியும், அதுவரை எழுந்து போகவும் முடியாது, எதையும் தொடவும் முடியாது, பேசுவதைத் தவிர வேலையே இல்லை. அப்போதுதான் அவள் மெதுவாக, அண்ணி, அவ வரவே மாட்டான்னு நான் சொல்லல, மேலே போய் மெஷினுக்கு அடியில பாருங்க என்றாள். அதற்குள் உன் அப்பா வந்து பெல் அடிக்க அவள்தான் போய்த் திறந்தாள். தங்கை கீழ்வீட்டுக் கதவைத் திறந்ததும் மனிதர் வெலவெலத்துப்போய், அண்ணிக்கு என்ன ஆச்சு என்று ஓடி வந்தார். ஒன்றும் ஆகவில்லை, மெஷினுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சக்கரம் என்றார்.

நாலு சக்கரம், சுண்டு. என்னிடம் கேட்க வருவதற்கு முன்னாலேயே உன் அப்பாவிடம் சொல்லிப் பொருத்தி வைத்திருக்கிறாள். அவ லீவுல வந்தா அடுத்த நிமிஷம் மெஷினை உருட்டிக்கிட்டு வெளிய வந்துடணும், பிள்ளைக்கு இடம் இல்லன்னு இருக்கக் கூடாது, அதான் சக்கரத்தைப் போட்டுட்டுக் கேட்க வந்தேன், நீங்க சொல்ல விட்டாத்தானே என்றாள். நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று உன் அப்பாவைக் கேட்டால், நீ மேல அனுப்பினதை மேல சொன்னேன், அவ கீழ அனுப்பினதைக் கீழ சொன்னேன், சக்கரத்தை யாரும் அனுப்பலையே என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கண்ணைத் துடைக்கப் போனேன், அண்ணி, கை ஈரம் என்று கத்திக்கொண்டே அவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். என்னைவிட முன்னாலேயே நீ திரும்பி வருகிற நாளை நினைத்துப் பார்த்திருக்கிறாள் அவள். நானோ நீ போன நாளையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாளே மெஷின் இறங்கி வந்துவிட்டது. உன் கட்டில், புத்தகம், சுவரில் நீ ஒட்டிய படங்கள் எதிலும் கை வைக்கவில்லை. காலையில் உன் அறையிலிருந்து மெஷின் சத்தம் கேட்கிறது, வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. சாயங்காலம் படகுத்துறையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அங்கேதான் போகிறேன். லேஸ் துண்டை நகத்தின்மேல் வைத்து ஸ்பாஞ்சால் ஒற்றினால் வலை மாதிரி வரும் என்று உன் அத்தை கண்டுபிடித்தாள், முதல் தடவை லேஸே நகத்தோடு ஒட்டிக்கொண்டது, இரண்டாம் தடவை பார், உறையில் போட்டோ வைத்திருக்கிறேன், நாலு கை இருக்கிறது, எது யாருடையது என்று கண்டுபிடி. பெரியவரிடம் நேற்று வலது கையாலேயே டிக்கெட் கொடுத்தேன், அடடே, நம்ம தைலம் நல்லா வேலை செஞ்சிருக்கே என்று சந்தோஷப்பட்டுப் போனார். கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

உனக்கு இரண்டு சொல். பாலிஷைப் பல்லால் சுரண்டாதே, நகம் மெலிந்துபோகும், பூசுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடை, ஒவ்வொரு பூச்சும் காய்கிறவரை பொறு, உனக்கு என் அவசரம் அப்படியே வந்திருக்கிறது. இன்னொன்று, அங்கே உன் வலது கைக்கு யார் இருக்கிறார்கள். அறைத்தோழியோ, ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரியோ, ஒருத்தியைப் பிடித்து வைத்துக்கொள், கையை நீட்டிக் கேள், வெட்கப்படாதே. கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

நோய்நொடி இல்லாமல், மனசு நிறைய, கை நிறைய, நகம் நிறைய நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் சேர்ந்து வாழ்த்துகிறோம். நீ வருகிற தேதியை மட்டும் மறக்காமல் எழுது. உன் அப்பா நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பத்து விரலும் ஒரே அழகாக,
உன் அம்மா