சீன அரண்மனையில் நம்ம பேச்சு

ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்தே தூறல். கண்டி குட்ஷெட் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியும் புடவைக் கரை முழுக்கச் சேறு. வேலையில் நான்காம் நாள். ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. துணிக்கடைக்கு மேலே மூன்று அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியது. சீனத் தொடர் ஒன்றின் இங்கிலிஷ் வசனத்தைத் தமிழில் எழுதுவது என் வேலை. 24 எபிசோட். 17ஆம் திகதியிலிருந்து சனி, ஞாயிறு தவிர தினமும் டீவியில் வரும்.

இன்று யாருக்கு என்ன தமிழ் என்று முடிவு. பாலா சேர்தான் டைரக்டர், முதலாளியும் அவரே. கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சக்கரவர்த்தி, பெரியராணி, வைத்தியர் எல்லாருக்கும் சுத்தத் தமிழ். லியென்னு ஒரு வேலைக்காரி வர்றாளே, தட்டத் தூக்கிட்டு விழுந்து விழுந்து எந்திரிக்கிறவ, அவளுக்குத் தேயிலத் தோட்டத்துத் தமிழ் போடுங்க. சனம் சிரிக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம்?"

"ஹேவாஹெட்ட பக்கம் ஒரு தோட்டம், சேர்."

"அப்ப லேசு. வீட்ல பேசுறத அப்படியே எழுதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

(பேனா மை. குடைக் கம்பி தைக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு போன் கோல்.)

ஜூன் 5, புதன்

24 எபிசோடும் வாசித்து முடித்துவிட்டேன்! பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், போர்டிங் குளியலறைக்கு வரிசையில் நின்றபடி. பாலா சேர் பார்த்தது முதல் ஆறு மட்டும்தான். அவருக்குத் தெரியாதவை:

- லியென் லூசு இல்லை. விழுவது, உடைப்பது, உளறுவது எல்லாம் நடிப்பு. லூசு முன்னால் அரண்மனையே வாய்விட்டுப் பேசுகிறது, அவள் கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.
- அவள் அம்மா அங்கே சமையல்காரி. பத்து வருஷத்துக்கு முன் பெரியராணி, சின்னராணியை நஞ்சு வைத்துக் கொன்றாள். பழி சமையல்காரி மேல். தலையை எடுத்துவிட்டார்கள்.
- நஞ்சு கஞ்சியில் இல்லை, கரண்டியில். மரக்கரண்டியை நஞ்சில் ஊறவைத்துக் காயவைத்தது. எல்லோரும் வெள்ளி ஊசியைப் பானைக்குள் விட்டுப் பார்த்தார்கள். கரண்டியை யாரும் பார்க்கவில்லை.
- எபி. 22. லியென் மகாராணி ஆகிறாள்!!!

மகாராணி. ஹேவாஹெட்டத் தமிழோடு.

உடனே சொல்லிவிடலாம் என்று சேரின் கதவு வரை போனேன். உள்ளே போனில் யாருடனோ: "எழுதுறது ஒரு தோட்டத்துப் புள்ள. வாயே தொறக்காது, சொன்னதச் செய்யும்."

திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னதைச் செய்யப்போகிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

லியெனுக்குக் குரல் கிடைத்துவிட்டது. புஷ்பம் அக்கா. டவுனில் த்ரீவீல் ஆட்டோவில் மைக் கட்டி "வாங்கம்மா வாங்க, மலிவு விற்பனை" என்று சுற்றுவாரே, அவர். ஊர் கலஹா பக்கம் ஒரு தோட்டம். பெரியராணிக்கு மிஸிஸ் நேசம், யாழ்ப்பாணத்து ரிட்டயர் டீச்சர். நேரில் 'ஓம், வாறன்' என்பவர் மைக் முன்னால் வந்ததும் சாட்சாத் ராணி. ரெக்கோர்டிங் பார்ப்பது நிஸ்தார் நானா, திகனயிலிருந்து வருகிறவர்.

முதல் சீன்: லியென் தட்டோடு விழுகிறாள். நான் எழுதியிருந்தது ஒரே வரி. அக்கா மூன்றாக்கிவிட்டார்: "அய்யோ ஆத்தா! நான் இல்லீங்க, இந்தத் தரைதாங்க வழுக்கிருச்சு. தரையப் புடிச்சு அடிங்க!" நானா குனிந்து மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். மிஸிஸ் நேசத்துக்கும் வசனம் வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. பாலா சேர் கைதட்டினார்: "இதுதான்! இதுதான் வேணும்!"

தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா கேட்டார்: "ஏன் கோகிலா, இந்தப் புள்ள கடைசி வரைக்கும் இப்படியே விழுந்துகிட்டே இருக்குமா?"

"தெரியல அக்கா." பச்சைப் பொய்.

ஜூன் 20, வியாழன்

வெயில்! நான்கு நாளைக்குப் பிறகு.

தொடர் நன்றாகப் போகிறதாம். காலை பஸ்ஸில் இரண்டு ஸ்கூல் பிள்ளைகள், "தரையப் புடிச்சு அடிங்க" என்று ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் சிரித்தன. நான் எழுதியதல்ல, ஆனாலும் காது சூடாகிவிட்டது. இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் அம்மா கோல் எடுத்தா. தேயிலைக் கொழுந்து நிறுக்குமிடத்திலிருந்து, சத்தத்துக்கு நடுவில்.

"ஏன் புள்ள, அந்த சீனாக்காரி படம் நீ எழுதுறதுதானே?"

"ஆமாம்மா."

"எல்லாரும் நல்லாப் பேசுறாக. அந்த வேலக்காரிய மட்டும் ஏன் நம்மளாட்டம் பேச வச்ச? கணக்கப்பிள்ள வீட்டு ஆளுங்க என்னயப் பார்த்து 'லியென் வருது, லியென் வருது'ன்னு சிரிக்கிறாங்க. நீ படிச்சது இதுக்கா?"

சொல்லிவிட்டால் என்ன? அம்மாவிடம் சொன்னால் மாலைக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும், அப்புறம் கண்டியில் சேர் காதுக்கும் வந்துவிடும். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். "நான் இனி பாக்கல" என்று வைத்துவிட்டா.

மத்தியானம் சாப்பிடவில்லை. எபி. 13 எழுதினேன். அதில் லியென் தன் அம்மாவின் கரண்டியை, அந்த நஞ்சுக் கரண்டியை, அரண்மனை விறகுக் குவியலில் கண்டுபிடிக்கிறாள். எழுதும்போது சிரிப்பு வசனம் ஒன்று தேவைப்பட்டது. வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

வெடித்துவிட்டது.

காலை 10.20. எபி. 22 வசனம் மேசையில். பாலா சேர் நின்றபடியே வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ… இவ ராணியா ஆகுறா?"

நானா ஹெட்போனைக் கழற்றினார். புஷ்பம் அக்கா வாயில் வைத்த பணிஸை அப்படியே வைத்திருந்தார்.

"டீவில பதினாறு எபிசோட் போயிருச்சு! சக்கரவர்த்தி பக்கத்துல சிம்மாசனத்துல உட்கார்ந்து 'ஆத்தா வழுக்கிருச்சு'ன்னு பேசுவாளா? கோகிலா, உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

நிலத்தைப் பார்த்தேன். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இன்று தலை தானாக நிமிர்ந்தது.

"ஜூன் அஞ்சுலருந்து தெரியும் சேர்."

"தெரிஞ்சே வச்சிருந்தீங்களா?"

"நீங்க சொன்னதத்தான் செஞ்சேன் சேர்."

அவ்வளவுதான் பேசினேன். பயம் பாதி. மீதி என்ன என்று தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

தீர்ப்பு: நாளை காலைக்குள் லியெனின் வசனம் முழுவதும் சுத்தத் தமிழில் மாற வேண்டும். குரல் மிஸிஸ் நேசம். 'அரண்மனையில் இருந்து இருந்து திருந்திவிட்டாள்' என்று சனம் நினைத்துக்கொள்ளுமாம். மாட்டேன் என்றால் எனக்கும் நாளையோடு சரி. புஷ்பம் அக்காவை அப்போதே போகச் சொல்லிவிட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு என்னிடம் குனிந்து, "ராணி ஆகுறாளாடி? சொல்லவே இல்லையே கள்ளி!" என்று கன்னத்தில் கிள்ளிவிட்டுப் போனார். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுத்தத் தமிழிலும் எழுதி வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. யார் பேசுகிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 10, புதன்

இதை வேகமாக எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும். (மறக்காது.)

நாளை, வியாழன், டீவிக்கு பைல் அனுப்பியாக வேண்டும். மிஸிஸ் நேசம் மைக் முன்னால். சீன்: லியென் சபை நடுவே பெரியராணிக்குக் கஞ்சி நீட்டுகிறாள். பெரியராணியின் வசனம் சொன்னார். பிறகு லியெனுடையது. பிறகு பெரியராணி. நிறுத்திவிட்டார்.

"தம்பி, என்ன விசர்க்கதை இது? கஞ்சி குடுக்கிறதும் நான், குடிக்க மாட்டன் எண்டு பயப்பிடுறதும் நான். எனக்கு நானே நஞ்சு வைக்கிறதோ?"

"குரல மாத்திப் பேசுங்க அன்ரி" என்றார் சேர்.

"பேசலாம். ஆனா இந்தப் பெட்டையை எனக்கு இருபத்தொரு எபிசோடாத் தெரியும். இது அவள் இல்லை." ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டார்.

பாலா சேர் வேறு குரல் தேடிக் கொழும்புக்கு இரண்டு கோல் எடுத்தார். ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர் திங்கள்தான் வருவாராம். நானா தாடியைச் சொறிந்தபடி, "புஷ்பம் புள்ளயக் கூப்பிடுங்க பாலா. வேற யாரு ஈக்கிற? எங்கட வீட்டுலயும் லியென் வந்தாத்தான் சோறே போடுற" என்றார்.

சேர் மறுபடி போனை எடுத்தார். அந்த நேரத்தில், ஜன்னலுக்குக் கீழே ரோட்டிலிருந்து: "வாங்கம்மா வாங்க! ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்!"

நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு மாடி, செருப்பு ஒன்று படியிலேயே கழன்றுவிட்டது. த்ரீவீல் மணிக்கூட்டுக் கோபுரம் பக்கம் திரும்புகிறது. மழை. கூட்டம். கண்டி ரோட்டில் இதுவரை நான் சத்தமாகப் பேசியதே இல்லை, பஸ்ஸில் இறங்குமிடத்தைச் சொல்லவும் பக்கத்து ஆளைத்தான் கேட்பேன்.

"புஷ்பம் அக்காஆஆ!"

மைக்கை விட என் சத்தம் பெரிது. ஒரு பொலிஸ்காரர் திரும்பினார், மாம்பழம் விற்கிறவர் திரும்பினார். சிங்கள டிரைவர் பிரேக் போட்டு, "என்ன நங்கி, என்ன தங்கச்சி, நெருப்பா?" என்றார்.

"அக்கா, வாங்க! நீங்கதான் பேசணும்!"

"அந்த ஆளு விட்டாரா?"

"இன்னும் இல்ல. வாங்க!"

நனைந்தபடி இருவரும் உள்ளே போனோம். சேர் எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நான் பழைய வசனத்தை அக்காவின் கையில் கொடுத்தேன், சேர் முன்னாலேயே. "இது ஒண்ணு மட்டும் கேட்டுப் பாருங்க சேர். புடிக்கலேன்னா நான் நாளைக்கு வரல."

என்ன தைரியம். என் வாய்தானா அது.

அக்கா முழு சீனையும் முதல் தடவையாக மைக் முன்னால்தான் வாசித்தார். லியென் கஞ்சியை அள்ளி நீட்டுகிறாள். பெரியராணி கரண்டியைப் பார்த்துப் பதறித் தட்டிவிடுகிறாள். அக்கா ரொம்ப மெதுவாக: "ஏன் ராணியம்மா தட்டி விட்டீங்க? கஞ்சிய ஊசி விட்டுப் பார்த்தாச்சே. கரண்டியப் பார்த்து ஏன் பயப்படுறீங்க? இதுல நஞ்சு இருந்துச்சுன்னு வச்சவுகளுக்குத்தானே தெரியும்? இப்ப இதுல ஒண்ணுமே இல்லீங்க. இது எங்கம்மாவோட கரண்டி. நான் கழுவி வச்சேன்."

மிஸிஸ் நேசம் அடுத்த வசனத்தைச் சொல்ல மறந்து வாய்பிளந்து நின்றார். நானா மெஷினை நிறுத்தவில்லை. பாலா சேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அந்த முடி சூட்டுற சீனையும் இவங்களையே வச்சு எடுத்துருங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

அரை நாள் லீவு. ஹேவாஹெட்ட பஸ், வழியெல்லாம் பனி. ஜன்னல் மூடாது, மடியெல்லாம் ஈரம்.

அம்மா டீவி போட மாட்டேன் என்றா. "அந்தக் கண்றாவிய நான் பாக்கல." நானே போட்டேன். பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து ஆறேழு பேர் வந்துவிட்டார்கள், கணக்கப்பிள்ளை வீட்டு அக்காவும். லியென் கஞ்சித் தட்டோடு வந்ததும் அந்த அக்கா வழக்கம் போல, "இந்தா விழப்போறா, பாருங்க" என்று சிரித்தார்.

லியென் விழவில்லை.

கரண்டி சீன். யாரும் அசையவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது, யாரும் எழும்பவில்லை. பெரியராணியை இழுத்துக்கொண்டு போனார்கள். லியெனுக்கு முடி சூட்டினார்கள். சபை முழுக்க முட்டி போட்டது. அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். லியென் சிம்மாசனத்தில் இருந்து சபையைப் பார்த்தாள்.

"எந்திரிங்க எல்லாரும். இனிமே இந்த வீட்டுல யாரும் முட்டி போட வேணாம். எங்கம்மா முட்டி போட்டே செத்துச்சு."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கண் டீவியில்தான்.

"சத்தத்தக் கூட்டு புள்ள."