ஏழு மணி லோஞ்சில் நடந்த கூட்டம்

அன்புள்ள காக்கா, என் கூடப்பிறக்காத அண்ணனே,

இன்று காலை நகரத்தில் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததும் வார்னிஷ் மணம் மூக்கில் அடித்தது. எல்லாம் புதுக் கதிரைகள். மாதாந்த மக்கள் சந்திப்பாம். மேசைக்கு அந்தப் பக்கம் மெத்தை போட்ட கதிரையில் நகரசபை உறுப்பினர். காற்றாடி அவர் தலைக்கு மேல் மட்டும் சுற்றியது. இந்தப் பக்கம் நாங்கள், கையில் நம்பர் துண்டோடு. எனக்கு முன்னால் நின்றவர் தன் வீட்டுக் கூரை பறந்துபோன கதையைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் "எழுதிக் குடுத்திட்டுப் போங்கோ" என்று அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். "எனக்கு எழுதத் தெரியாதையா" என்று அந்த மனிதர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. என் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

றோட்டில் நின்று கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காக்கா. உங்களுடைய மாதக் கூட்டம் ஞாபகம் வந்தது. அதற்குக் கதிரையும் இல்லை, மேசையும் இல்லை. சுற்றிவரக் கடல்தான் இருந்தது.

நீங்கள் மூதூரில் கிராமசபை உறுப்பினரான புதிதில் கூட்டத்தை உங்கள் வீட்டில்தான் வைத்தீர்கள். சப்பாத்துப் போட்டவர்கள் உள்ளே கதிரையில் இருந்தார்கள், மற்றவர்கள் முருங்கைமரத்தடியில் நின்றார்கள். முஸ்லிம் ஆட்கள் ஒரு நேரம் வந்தார்கள், தமிழ் ஆட்கள் இன்னொரு நேரம். மூன்று மாதத்தில் உங்களுக்கு வெறுத்துவிட்டது. "கதிரை கிடைச்சவன்தான் கதைக்கிறான்" என்றீர்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அரசாங்கக் காரியாலயத்தில், கச்சேரியில், அலுவலாக எப்படியும் நீங்கள் திருகோணமலைக்குப் போகவேண்டும். ஆட்களை ஏற்றிப் போகிற அந்த ஏழு மணி மோட்டார்ப் படகையே, லோஞ்சையே, கூட்டமாக்கிவிட்டீர்கள். குடாவைக் கடந்து முடிக்கும்வரை யார் எதையும் கேட்கலாம். முடிவாகிற வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கைகொடுத்துச் செய்யவேண்டும்.

"லோஞ்சில ஒருத்தருக்கும் நடுவில எழும்பிப் போக ஏலாது தம்பி. எனக்கும் ஏலாது" என்று பிறகு எனக்குச் சொன்னீர்கள்.

நான் அப்போது துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அரசியல்வாதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் கூட்டத்திலேயே, "வோட்டு வாங்கியாச்சு. இனிக் கடலிலயும் பிரசங்கமோ?" என்று கத்தினேன். நீங்கள் கோபிக்கவில்லை. "பிரசங்கம் இல்ல, தம்பி. இண்டைக்கு நீங்கதான் கதைக்கப் போறீங்க. வாங்க இஞ்சால" என்றீர்கள். நான் மெல்லப் போய் உங்கள் பக்கத்துப் பலகையில் இருந்தேன். அன்றிலிருந்து ஒரு திங்களையும் நான் தவறவிடவில்லை.

கூட்டத்தின் உண்மையான தலைவர் லோஞ்சோட்டிய தண்டயல்தான். எல்லோரும் உங்கள் பக்கமாக ஒதுங்கினால் லோஞ்சு சரியும். உடனே அவர் சத்தம் போடுவார். "ஒரு பக்கமா அடையாதேங்கோ! நீ அங்கால போ! ஐயா, நீங்கள் இஞ்சால!" அவர் ஆட்களின் பாரத்தைத்தான் பார்த்தார், குலமும் மதமும் பார்க்கவில்லை. தரகருக்குப் பக்கத்தில் கூலியாள், மௌலவிக்குப் பக்கத்தில் கோயில் ஐயர். கரையில் ஒருநாளும் நடக்காதது அந்தப் பலகையில் மாதம் ஒருமுறை நடந்தது.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

உங்கள் மாமா, அந்தத் தென்னந்தோட்டத்து முதலாளி, தோட்டத்தின் நடுவால் போன பாதையை முள்ளுக்கம்பியால் அடைத்து நாலு மாதம். மீன் விற்கிற பெண்கள் அந்தப் பாதையால்தான் துறைக்கு வருவார்கள். அடைத்தபிறகு சேற்றுக்குள்ளால் சுற்றி வரவேண்டும். வந்துசேர லோஞ்சு போய்விடும். போனபிறகு அந்த மீனை யார் வாங்குவது? துறையில் தயாராக நிற்கிற முதலாளியின் ஆள், அடிமாட்டு விலைக்கு. வேலி ஏன் வந்தது என்று இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அன்றைக்கு முதலாளியும் லோஞ்சில் ஏறினார். கச்சேரியிலிருந்து வந்து அவர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்ட காணி உத்தியோகத்தரும் கூட வந்தார். கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக முதலாளியின் மனைவி, அதாவது உங்கள் மாமி, வாப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி, பின்பக்கத்தில் பெண்களோடு முக்காடிட்டு இருந்தா. முதலாளியும் உத்தியோகத்தரும் அருகருகே இருந்ததும் லோஞ்சு சாய்ந்தது. தண்டயல் சத்தம் போட்டார்.

"முதலாளி, நீங்கள் தனிய ரெண்டு பேரின்ர பாரம். அங்கால போங்கோ. ஐயா, நீங்கள் அந்தக் கூடைக்குப் பக்கத்தில இருங்கோ."

கூடை மீன் விற்கிற பாக்கியக்காவினது. உத்தியோகத்தர் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.

"பயப்பிடாதேங்கோ ஐயா, இண்டைக்கு வெறுங்கூடை. மீனை எடுக்காமல் விட்டபடியாத்தான் லோஞ்சைப் பிடிச்சனான். மணம் மட்டும்தான் வருது."

லோஞ்சே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவ எழும்பி நின்று சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது.

"முந்தித் தோட்டத்துக்குள்ளால வந்து லோஞ்சைப் பிடிப்பன். இப்ப நாலு மாசமா மீனோட பிடிக்கேல்ல. புருசன் இல்லாதவள் நான். மூத்த பெட்டையைப் பள்ளிக்கூடத்தால மறிச்சுப்போட்டன். இன்னும் ஒரு மாசம் இப்பிடிப் போனா மற்றதையும் மறிக்கவேணும். எனக்கு உங்கட காணி வேண்டாம் முதலாளி. நடக்க விட்டாக் காணும்."

"அதில பாதையே இருந்ததில்ல" என்றார் முதலாளி. "ஒரு கோழி கூட அதால போனதில்ல."

"பாதை இருந்ததுக்கு அத்தாட்சி ஒண்டும் இல்லையே" என்று உத்தியோகத்தர் சேர்ந்துகொண்டார்.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. நீங்கள் உங்கள் மாமாவைப் பார்த்தீர்கள். உங்களைப் படிப்பித்தவர், தேர்தலுக்குத் தன் லொறியைத் தந்தவர். பிறகு எல்லோருக்கும் கேட்கக் கேட்டீர்கள்.

"பாதை இருந்ததெண்டு தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இதில இருக்கிறீங்களா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாதிப்பேர் முதலாளியிடம் தேங்காய் பிடுங்குகிறவர்கள், மீதிப்பேர் அவருடைய வலை இழுக்கிறவர்கள். எஞ்சின் சத்தம் மட்டும். நான் துள்ளி எழும்பப் போனேன். நீங்கள் என் தோளில் கை வைத்து அமத்தினீர்கள். நீங்களும் ஒரு சொல் பேசவில்லை. குடாவில் பாதித் தூரம் போய்விட்டோம் போலிருந்தது எனக்கு.

"எனக்குத் தெரியும்."

பின்பக்கத்திலிருந்து வந்தது. உங்கள் மாமி!

"என்னங்க, நீங்க கிண்ணியாவில இருந்து மாப்பிள்ளையா வந்து இறங்கினீங்களே, அண்டைக்கு எங்கட வீட்டுக்கு எதால வந்தீங்க? வானத்தாலயா? குடை புடிச்சு, வெடி போட்டு, அந்தப் பாதையாலதானே கூட்டிக்கொண்டு வந்தாங்க. நான் சன்னலால பாத்துக்கொண்டு நிண்டன்."

முதலாளி கடல் பக்கம் திரும்பினார். மாமி விடவில்லை.

"எங்கட வாப்பா உங்களுக்குக் காணியத்தான் சீதனமாத் தந்தவர். பாதையத் தரல்ல."

ஐயோ காக்கா, அந்தச் சிரிப்பு! லோஞ்சு முழுக்க ஒரே பக்கம் சாய்ந்து, தண்டயல் "சிரிக்கிறதெண்டா நடுவில இருந்து சிரியுங்கோ! கவிழப்போகுது!" என்று கத்த, அவருக்கே சிரிப்பை அடக்க முடியாமல் சுக்கான் ஒரு பக்கம் இழுபட, நாங்கள் கடலில் ஒரு அரைவட்டம் போட்டோம். உத்தியோகத்தர் லேஞ்சிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். "நான் ஒருநாள் வந்து பாக்கிறன்" என்றார். "எப்ப ஐயா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "எப்ப?" என்று நாற்பது ஐம்பது வாய் கேட்டது. அவர் கரையைப் பார்த்தார். கரை தூரத்தில் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

துறையில் இறங்கியதும் முதலாளி உங்களைப் பார்த்துச் சொன்னார்: "இனி நீ எனக்கு மருமகன் இல்ல. நீ செத்தா உன்ட மையத்துக்கும் வரமாட்டன்." நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். வென்ற மனிதனின் முகம் அப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்தது. உத்தியோகத்தரும் வந்தார், பார்த்தார், தலையாட்டினார். நான் குறட்டோடு வந்திருந்தேன். கம்பியைத் துண்டுதுண்டாக வெட்டிக் கடலில் எறியவேண்டும் என்பது என் திட்டம். நீங்கள் விடவில்லை. ஆணி கழற்றி, கம்பியைச் சுருட்டி, மாமா வீட்டு வாசல் படலையில் பத்திரமாகச் சாத்தி வைக்கச் சொன்னீர்கள். உங்கள் உள்ளங்கையெல்லாம் கீறி இரத்தம்.

"களவாணிக்கு என்னத்துக்கு இவ்வளவு மரியாதை?" என்று உங்களோடு சண்டை பிடித்தேன்.

"கம்பி அவங்கட, தம்பி. பாதைதான் எங்கட."

அந்தப் பதிலில் எனக்கு இன்றைக்கும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் மறுநாள் காலை பாக்கியக்கா நிரம்பிய கூடையோடு எல்லோருக்கும் முந்தி லோஞ்சில் ஏறியிருந்து, "என்ன, இப்பதான் விடிஞ்சதோ உங்களுக்கு?" என்று எங்களை ஏசியபோது நான் விசிலடித்தேன். அடுத்த கிழமை மூத்தவள் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். அதையும் பார்த்தேன்.

போன மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. ஊர் முழுக்கத் திரண்டது. உங்கள் மாமாவும் வந்தார், காக்கா. நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தப் பாதையால்தான் வந்தார், தனியே, குடையில்லாமல், மழையில் நனைந்துகொண்டு. உங்கள் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது எனக்கு முன்னால் அவருடைய தோள் இருந்தது.

இப்போது கிராமசபைகளையே கலைத்துவிட்டார்கள். மூதூர்ப் பக்கத்துக்கு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. போன மாதம் முதல் திங்கட்கிழமை நான் ஊரிலிருந்து ஏழு மணி லோஞ்சில் வந்தேன். ஆட்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து மருந்துச்சாலை கிழமைக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு ஒரு தாய் லோஞ்சில் நகரத்துக்கு வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் எழும்பி நின்றேன்.

"மருந்துச்சாலை ஏன் பூட்டிக் கிடக்குதெண்டு ஆருக்கும் தெரியுமோ?"

ஒரு சத்தமும் இல்லை. என் வாய்க்குள் ஒரு முழுப் பிரசங்கம் துடித்துக்கொண்டு நின்றது. யாரைக் கிழிப்பது, எந்த மந்திரியில் தொடங்குவது என்றுகூட முடிவாகிவிட்டது. பாக்கியக்கா கூடைக்கு மேலால் என்னைப் பார்த்தா. "கேட்டீரெல்லே தம்பி, இனி வாயை மூடும்" என்றா.

மூடினேன். சொல்ல எளிது, காக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, உங்களைப்போலக் காத்து நிற்பது எனக்கு மூட்டை தூக்குவதிலும் பாரமாக இருந்தது. குடா போய்க்கொண்டே இருந்தது. பிறகு பின்பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.