ஒரே தோப்பை இரண்டு பேரும் கொடுத்தோம்

என்னங்க,

சோறு பானையில் இருக்கிறது, புளிமீன் மூடி வைத்திருக்கிறேன். நான் இமாம் வீட்டுக்குப் போகிறேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆற்றோரத் தென்னந்தோப்பை மதரசா கட்ட நீங்கள் வெள்ளிக்கிழமை வக்ஃபு செய்துவிட்டீர்களாமே? பள்ளிவாசல் செயலாளர் ஜுனைதி காலையில் வந்து, "இருபது வருஷத்துக்குத் திட்டம் போட்டாச்சு அக்கா, மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அளக்க வர்றோம்" என்றார். தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கு முந்தின நாளே, பெண்கள் ஓதும் கூட்டத்தில், அதே தோப்பைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நான் வக்ஃபு செய்துவிட்டேன். மெலாபோ ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியிலேயே பிள்ளை பெற்றாளே பக்கத்து வீட்டு யுஸ்னியார், அந்த நினைப்பில். "புருஷன்கிட்ட கேட்டியா?" என்றார்கள். "நல்ல காரியத்துக்கு என்ன கேக்குறது?" என்று பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி கட்டுகிறவர்களும் இன்றைக்குத்தான் அளக்க வருகிறார்கள்.

வக்ஃபு என்று சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. முதலில் சொன்னது நான். ஆனால் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அப்படியானால் யார் எதைக் கொடுத்தோம்?

இரண்டு கூட்டத்துக்கும் காப்பி கொடுங்கள். நான் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

ரொஸ்னிதா

பி.கு.: சாவி கோழிக்கூண்டின் மேல்.

இன்னொன்று, இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள் என்று நினைத்துத்தான் நானும் சொல்லவில்லை. நீங்களும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தீர்களா? இந்த இருபத்தாறு வருஷமுமா?