இடுப்புப் பட்டையில் ஒரு கை

சூ சிட்டி, அயோவா
6 நவம்பர் 1995

அன்புள்ள வெண்டல்,

நீயும் லோர்னாவும் நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். இந்த வாரத்தில் இது நாலாவது விடுதி. அறை ஹீட்டர் இருமுகிறது, நானும் கூடவே இருமுகிறேன். வெளியே மூன்று நாளாக விடாத மழை. போனில் பேசினால் என்ன என்று லோர்னா கேட்பாள். போனில் நீ 'ம்' கொட்டுவதைத் தவிர வேறென்ன செய்திருக்கிறாய்?

விஷயம் நீ பயிற்சி கொடுக்கும் பையன் ஜோயல் டெவ்ரீஸ். ஏப்ரலில் கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் பங்குபோட்டு எடுக்கும் டிராஃப்டில் எங்கள் அணிக்கு ஓர் இடது டேக்கிள் வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தெறியத் திரும்பும்போது அவன் முதுகைக் காக்க ஒரு ஆள். இதுவரை பதினாறு பேரைப் பார்த்துவிட்டேன். கால் இருந்தால் கை இல்லை, கை இருந்தால் நெஞ்சில் தைரியம் இல்லை. உன் பையனுக்கு மூன்றும் இருக்கிறது. முந்நூறு பவுண்டு உடம்பை வைத்துக்கொண்டு நடன வாத்தியார் மாதிரி பின்னுக்கு நகர்கிறான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஆறாவது ஆட்டத்திலிருந்து, ஒவ்வொரு பெரிய மோதலுக்கும் பிறகு, இடது கை விரல்களை இடுப்புப் பட்டைக்குள் செருகிக்கொண்டு நிற்கிறான். ஒளிநாடாவைப் பத்து தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மரத்துப் போன கையை ஒளிக்கிறவன் அப்படித்தான் நிற்பான். நாமும் ஒளித்திருக்கிறோமே. கழுத்து நரம்பா, வெண்டல்?

அணிக்கு ஆள் தேடும் எங்கள் தொழிலில் எல்லோரும் பயிற்சியாளனிடம் கேட்போம், சொன்னதில் பாதியைத்தான் நம்புவோம். உன் விஷயம் வேறு. கல்லூரி அணியில் நாலு வருஷம் என் வலப்பக்கம் நின்றாய். பந்து நகரும் முன் "இருக்கேன்டா" என்பாய். ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. உன் ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

உன் இடப்பக்கத்துக்காரன்,
மார்வ்


கார்வர் கல்லூரி, அயோவா
19 நவம்பர் 1995

அன்பு மார்வ்,

உன் கடிதத்தை லோர்னாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த ஆளை முதல்ல டாக்டர்கிட்ட போகச் சொல்லு, அப்புறம் மத்தவங்க கழுத்தைப் பார்க்கட்டும்" என்கிறாள். நீ வந்தால் பன்றி வறுவலும் ஆப்பிள் கேக்கும் உண்டாம். வராவிட்டால் திட்டும் உண்டாம்.

இங்கே நிலைமை சரியில்லை. இந்த வருஷமும் தோல்விக் கணக்குதான். புதுத் தலைமைப் பயிற்சியாளர் என்னை எதிரில் பார்த்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. என் கையில் வளர்ந்த ஒருவனாவது டிராஃப்டில் போனால், அடுத்து ஆள் சேர்க்கப் போகிற வீட்டில் பையனின் அம்மா என்னை உள்ளே விடுவாள். ஜோயலைத் தவிர வேறு எவன் இருக்கிறான்?

நீ கேட்ட விஷயம் ஒன்றுமில்லை. அது அவன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். கெர்ரிட் டெவ்ரீஸ் பன்றிக் கொட்டகை வாசலில் அப்படித்தான் நிற்பார், கையைப் பட்டைக்குள் செருகிக்கொண்டு. அப்பனைப் போல மகன். கழுத்து மரக்கட்டை மாதிரி உறுதியாக இருக்கிறது.

உன் வலப்பக்கத்துக்காரன்,
வெண்டல்


இண்டியானாபொலிஸ்
12 பிப்ரவரி 1996

அன்புள்ள வெண்டல்,

இங்கே டிராஃப்டுக்கு முந்தைய வருடாந்திரச் சோதனை முடிந்தது. பையன்களை அரைக்கால் சட்டையோடு மேடையேற்றி, மாட்டுச் சந்தை மாதிரி சுற்றி நின்று பார்த்தோம். உன் ஜோயலின் கை நீளம் முப்பத்து நாலேகால் அங்குலம். அளந்தவன் நம்பாமல் இன்னொரு தரம் அளந்தான்.

மருத்துவர்கள் இவனை ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். யாரைப் பற்றிய அறிக்கையில் சந்தேகம் எழுதியிருக்கிறதோ அவர்களை மட்டும்தான் பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வைத்துக் கழுத்தைப் படம் எடுக்கிறார்கள். என் அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தது. "ஆறாவது ஆட்டம் முதல் இடது கை. கழுத்தைப் பார்க்கவும்." உன் கடிதம் வந்த அன்றே அதை அடித்துவிட்டேன்.

அறிக்கைக் கூட்டத்தில் எங்கள் இயக்குநர் ஹர்லன் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார். "ஏன் மார்வ், இதுல ஒரு வரி அடிச்சிருக்கியே, உனக்குக் கண்ணு போச்சா, இல்ல மனசு மாறிப் போச்சா?" என்றார். "விசாரிச்சுட்டேன், ஒண்ணுமில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஏனோ எனக்கு ஒட்டவில்லை.

கிளம்பும்போது ஜோயலிடம் கை கொடுத்தேன். வலது கையை நீட்டினான். இடது கை பட்டைக்குள்தான் இருந்தது. அப்பாவைப் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மார்வ்


கார்வர் கல்லூரி
23 ஏப்ரல் 1996

அன்பு மார்வ்,

இரண்டாம் சுற்றிலேயே உங்கள் அணி எடுத்துவிட்டது! டெவ்ரீஸ் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பெயரை வாசித்ததும் ஜோயல் எழுந்து வெளியே போய்விட்டான். பின்னால் போனேன். கொட்டகைச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். "கோச், நான் சரியாத்தான் செஞ்சேனா?" என்று கேட்டான். "வேற என்னடா செய்யணும், வா உள்ள" என்றேன்.

எனக்கும் இன்னும் இரண்டு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். லோர்னா சமையலறையில் பாடுகிறாள், எத்தனை நாளாயிற்று.

ஒரே ஒரு வேண்டுகோள். முகாமில் ஆரம்பத்திலேயே அவனை நேருக்கு நேர் மோதவிட வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லி வை. இளம் பையன், கொஞ்சம் பதமாகட்டும். இதைக் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே.

உன்,
வெண்டல்


9 ஆகஸ்ட் 1996

வெண்டல்,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். முகாமின் ஆறாம் நாள். ஒருவனுக்கு ஒருவன் மோதும் பயிற்சி. நான் இருபது அடி தள்ளி நின்றேன். ஜோயல் தலையைத் தாழ்த்தி மோதினான், அப்படியே விழுந்தான். கை ஊன்றவில்லை. ஒருவன் ஓடிப்போய், "எந்திரிடா தடியா, ஏன் நடிக்கிற?" என்றான். பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. கால்களில் அசைவில்லை. வலது கையில் இரண்டு விரல் அசைகின்றன.

அவன் அப்பாவோடு மூன்று நாள் மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். ஆளைப் பார்ப்பதுதானே என் தொழில். தோளில் வார் மாட்டிய பண்ணைக் கால்சட்டை. நிற்கும்போது இரண்டு கையும் தொப்பியைப் பிடித்திருந்தன. மூன்றாம் நாள் தாங்கமாட்டாமல் கேட்டேன். "உங்களுக்கு இடுப்புப் பட்டைக்குள்ள கையைச் செருகிக்கிற பழக்கம் உண்டா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் எங்கய்யா பெல்ட்டு கட்டினேன்? கல்யாணத்தன்னிக்கு ஒரு நாள் கட்டினேன். அன்னிக்கு ராத்திரியே கழட்டிப் போட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்டோபர்ல ஒரு நாள் ரெண்டு கையும் செத்துப் போச்சுன்னு பையன் சொன்னான். கோச் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டாராம். நல்ல மனுசன், பார்த்திருப்பார்" என்றார்.

பார்த்தாயா, வெண்டல்?

மார்வ்


கார்வர் கல்லூரி
20 ஆகஸ்ட் 1996

மார்வ்,

பத்து தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

ஆமாம், எனக்குத் தெரியும். அக்டோபர் ஏழாம் தேதி ஆட்டத்தில் கால் மணி நேரம் அவனுக்கு இரண்டு கையும் இல்லை. பெஞ்சில் உட்காரவைத்து, அவன் கைகள் மேல் பனிக்கட்டிப் பையை வைத்தேன். வைத்ததே அவனுக்குத் தெரியவில்லை. பிறகு உணர்வு திரும்பி வந்துவிட்டது. "கோச், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, எங்கப்பா நிலம் பாதி போயிடுச்சு, இதை விட்டா எனக்கு ஒண்ணுமில்ல" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்காகத்தான் மறைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை. பாதி அவனுக்காக, பாதி எனக்காக. எந்தப் பாதி பெரிது என்று என்னைக் கேட்காதே.

அந்த இடுப்புப் பட்டைக் கதை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. உன் கடிதம் மேஜையில் இருந்தது, பேனா கையில் இருந்தது, எழுதிவிட்டேன். மற்ற எல்லா அணிக்காரனுக்கும் பொய் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை. நம்பியவன் நீ ஒருவன்தான்.

லோர்னா என்னோடு பேசுவதில்லை. திட்டுவதற்காவது ஒரு கடிதம் போடு, மார்வ். இல்லையென்றால் பழைய ஒரு சொல் மட்டும் எழுது. வெறும் "இருக்கேன்" போதும்.

வெண்டல்


16 அக்டோபர் 1996

திரு. வெண்டல் ஹோக் அவர்களுக்கு,

ஆகஸ்ட் மாதக் கடிதமும், பின்னால் வந்த மூன்றும் கிடைத்தன. பின்னால் வந்தவற்றைப் பிரிக்கவில்லை.

அடித்த வரியைப் பற்றி ஹர்லன் திரும்பவும் கேட்டார். "யார் பேச்சைக் கேட்டு அடிச்ச?" என்றார். "யார் பேச்சும் இல்ல, என் பேனாதான்" என்றேன். உங்களைக் காப்பாற்றுவதற்காக இல்லை. உண்மையிலேயே அடித்தது என் பேனாதான். கண்ணால் பார்த்ததை நான் அடித்தேன். கெர்ரிட் டெவ்ரீஸிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு, "காப்பில சர்க்கரை போட்டுக்குவீங்களா?" என்று கேட்டார். 

ஜோயலுக்கு வலது கையில் மூன்றாவது விரலும் அசைகிறது.

அடுத்த மாதம் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, உங்கள் கல்லூரிக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு வலது டேக்கிள் இருக்கிறானாம், அவனைப் பார்த்து வர எங்கள் அலுவலகம் சொல்லியிருக்கிறது. இந்தப் பருவத்தின் எல்லா ஆட்ட ஒளிநாடாக்களையும் அறையில் எடுத்து வைக்கச் சொல்லவும். கதவைத் திறந்துவிட ஒரு மாணவன் போதும். திருமதி ஹோக் எனக்காக எதுவும் சமைக்க வேண்டாம்.

நானே பார்த்து எழுதிக்கொள்வேன். உங்களிடம் கேட்பதற்கு எனக்கு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
மார்வின் அமண்ட்சன்