சட்டைப் பையில் இருந்த பொம்மை

பிப்ரவரி முதல் தேதி காலை, மெக்சிகோவின் வஹாகா நகரில் கிரெசென்சியோ கண் விழித்தபோது மனைவி யூஃப்ரோசினா வீட்டில் இல்லை. அடுப்படியில் ஒரு சீட்டு இருந்தது.

"கிழவா,
துவைக்க எடுத்த உன் சட்டைப் பையில பொம்மை இருந்துச்சு. மூணு ராஜாக்கள் திருநாளுக்கு, குட்டிப் பொம்மையை உள்ளே வச்சுச் சுட்ட ரொட்டியை வெட்டினப்போ, 'எனக்கு வரல'ன்னு வாயைத் திறந்து வேற காட்டினியே! துண்டுல பொம்மை வந்தவங்கதான் நாளைக்கு எல்லாருக்கும் தமாலே அவிச்சுப் போடணும். யாருக்கும் வரலைன்னு சொல்லி, வழக்கம்போல என் தலையில கட்டினீங்க. நான் செய்ய மாட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சிருக்கேன். கழுவி மில்லுல அரைச்சுட்டு வா. கடை மாவு வாங்காதே, உங்க அக்கா ஒரே வாயில கண்டுபிடிச்சுடுவா. கொழுப்பு சேர்த்து அடிச்ச மாவுல ஒரு உருண்டையைத் தண்ணியில போடு. மிதக்கலைன்னா இன்னும் அடி. கை வலிக்கும். எனக்கும் வலிச்சுது.

நாளைக்கு விருந்தாளியாத்தான் வருவேன்."

ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்: "தமாலே மாவை வச்சு மடிக்கிற மக்காச்சோளத் தோகையை முதல்லயே ஊறப்போடு." அதற்கும் கீழே: "பிரஷர் மாத்திரையைப் போட்டுட்டு ஆரம்பி."

மறுநாள் மாலை வீடு நிறைந்திருந்தது. யூஃப்ரோசினா கதவைத் தட்டிவிட்டு வந்து, மேசையில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா, மாவு நீ அடிச்சதா? கல்லு மாதிரி இருக்கு," என்றாள் அக்கா ஒட்டீலியா.

"நான்தான் அடிச்சேன். பொம்மை எனக்குத்தான்க்கா வந்துச்சு," என்றான் கிரெசென்சியோ.

யூஃப்ரோசினா தட்டை நீட்டினாள். "எனக்கு இன்னொன்னு வை."

அவன் வைத்தான்.